சாய்ந்து நிற்கும் ஆரக்கம்பிகள்

பழைய மிதிவண்டிகளைத் தேடிப் பிடித்து, துடைத்து, எண்ணெயிட்டு வைத்திருப்போர் நம் ஊர்களில் இன்றும் இருக்கிறார்கள். அவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் நேரம் போவது தெரியாது. ராலே வண்டியின் பற்சக்கரத்தில் வெட்டப்பட்டிருக்கும் நாரையின் வடிவம், பி.எஸ்.ஏ. முத்திரையில் சாய்த்து நிறுத்தப்பட்ட மூன்று துப்பாக்கிகள், ஹம்பர் வண்டியின் இரட்டைக் கவை, புரூக்ஸ் தோல் இருக்கையின் செப்பு ஆணிகள், ஸ்டர்மி ஆர்ச்சர் மூன்று வேகக் குடம் என்று ஒவ்வோர் உறுப்பையும் பற்றி அவர்களுக்குச் சொல்ல ஏதேனும் இருக்கும். ஆனால், அந்த வண்டியிலேயே மிக நுட்பமான உறுப்பைப் பற்றி எவரும் பேசக் கேட்டதில்லை. அதில் முத்திரை இல்லை. நிறுவனத்தின் பெயர் இல்லை. கடையில் ஒன்று என்று கேட்டால் சில ரூபாய்க்குக் கிடைத்துவிடும். அதுதான் சக்கரத்தின் ஆரக்கம்பி. நம் மிதிவண்டிக் கடைக்காரர்களின் பேச்சில் போக்ஸ் கம்பி.

அந்தக் கம்பி குடத்திலிருந்து நேராக வட்டத்துக்குப் போகாமல் ஏன் சாய்ந்து போகிறது, ஒன்றன்மேல் ஒன்று ஏன் குறுக்கே பின்னிக்கொள்கிறது என்று கேட்டால், விடை 1874-ஆம் ஆண்டுக்கு நம்மை அழைத்துச் செல்லும். அந்த ஆண்டில் அதற்குக் காப்புரிமை பெற்றவர் ஜேம்ஸ் ஸ்டார்லி. மிதிவண்டித் தொழிலின் தந்தை என்று இங்கிலாந்தில் அவரைப் போற்றுகிறார்கள். தொடக்கத்தில் அவர் ஒரு தோட்டக்காரர்.

ஸ்டார்லி 1830 ஏப்ரல் 21-ஆம் தேதி இங்கிலாந்தின் தென்பகுதியில், சஸ்ஸெக்ஸ் வட்டாரத்தின் ஆல்பர்ன் என்ற சிற்றூரில் உழவர் குடும்பத்தில் பிறந்தார். ஒன்பது வயதிலேயே வயல் வேலைக்குப் போனார். பள்ளிப் படிப்பு என்று சொல்லத்தக்கது அவருக்கு வாய்க்கவில்லை. எலிகளைப் பிடிக்கப் பொறி செய்வதில் சிறுவனாக இருந்தபோதே கைதேர்ந்தவராக இருந்தார் என்பதைத் தவிர அவருடைய இளமையைப் பற்றிச் சிறப்பாகச் சொல்ல ஒன்றுமில்லை. பதின்ம வயதில் ஊரைவிட்டு வெளியேறி, லண்டனுக்குத் தென்கிழக்கே லூயிஷாம் பகுதியில் உதவித் தோட்டக்காரராக வேலைக்குச் சேர்ந்தார். மாலை நேரங்களில் அக்கம்பக்கத்தார் கொண்டுவரும் கடிகாரங்களைப் பழுது பார்த்தார்.

இந்த இடத்தில்தான் வாய்ப்பு என்பது குறுக்கிடுகிறது. அவர் வேலை பார்த்த மாளிகையின் உரிமையாளர் ஜான் பென், கப்பல்களுக்கு நீராவி எந்திரம் செய்வதில் அந்நாளில் முன்னணியில் இருந்த பொறியாளர். பென் தம் மனைவிக்கு ஒரு தையல் இயந்திரம் வாங்கித் தந்தார். அக்காலத்தில் அது விலை மிகுந்த, எளிதில் பழுதாகிற பொருள். இயந்திரம் நின்றுபோனது. தோட்டக்காரர் அதைப் பிரித்து, குறையைக் கண்டுபிடித்து ஓட வைத்ததோடு நிற்காமல், அதன் அமைப்பையே மேம்படுத்தும் வழியையும் சொன்னார். பென் அந்த இயந்திரத்தைச் செய்த நிறுவனத்தின் பங்குதாரரான ஜோசையா டர்னரை அறிந்தவர். 1859-இல் ஸ்டார்லி மண்வெட்டியை வைத்துவிட்டு லண்டனில் தையல் இயந்திரத் தொழிலாளியானார்.

எசமானர் ஒரு பொறியாளராக இல்லாமல் வேறொரு செல்வராக இருந்திருந்தால், பழுது பார்த்த தோட்டக்காரருக்கு ஒரு நாணயம் இனாமாகக் கிடைத்திருக்கும். கதை அத்தோடு முடிந்திருக்கும். திறமை எங்கும் பரவிக் கிடக்கிறது. அதை அடையாளம் காணக்கூடிய கண் பக்கத்தில் இருப்பதுதான் அரிது. வளர்ச்சிப் பொருளியல் பாடம் நடத்திய காலத்தில், மனித மூலதனம் பற்றிய அதிகாரத்தை முடித்த பிறகு மாணவர்களுக்கு நான் சொல்லி வந்த உதாரணங்களில் இது ஒன்று.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1861 வாக்கில், டர்னரும் ஸ்டார்லியும் லண்டனை விட்டு கோவென்ட்ரி நகருக்குப் போய்த் தையல் இயந்திரத் தொழிலைத் தொடங்கினார்கள். அந்த ஊரைத் தேர்ந்தெடுத்தது ஏன் என்பதைப் புரிந்துகொள்ள, அப்போது அந்நகரம் இருந்த நிலையைப் பார்க்க வேண்டும்.

கோவென்ட்ரி பட்டு நாடா நெசவுக்குப் பெயர் பெற்ற ஊர். சீமாட்டிகளின் தொப்பிகளையும் ஆடைகளையும் அழகு செய்யும் அந்த நாடாக்களை நெய்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பிழைத்தன. பிரெஞ்சுப் பட்டுக்கு விதிக்கப்பட்டிருந்த இறக்குமதித் தீர்வை அவர்களுக்கு வேலியாக இருந்தது. 1860-இல் இங்கிலாந்தும் பிரான்ஸும் செய்துகொண்ட வணிக உடன்பாடு அந்த வேலியை ஒரே வீச்சில் அகற்றியது. பொருளியல் நூல்கள் கட்டற்ற வணிகத்தின் வெற்றி என்று கொண்டாடும் கோப்டன் - செவாலியே உடன்பாடு இதுதான். அதே ஆண்டில் கூலிப் பட்டியலைக் காக்க நெசவாளர்கள் நடத்திய வேலைநிறுத்தமும் தோற்றது. தறிகள் நின்றன. குடும்பங்கள் அறக்கொடையால் உயிர் வாழ்ந்தன. முடிந்தவர்கள் கப்பலேறி அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் போனார்கள். அந்தப் பத்தாண்டில் நகரத்தின் மக்கள்தொகை வளரவில்லை, குறைந்தது. கைத்தறியும் விசைத்தறியும் படும் பாட்டைக் குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் கண்டிருக்கும் நாமக்கல் மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தக் காட்சியை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

கோவென்ட்ரிக்கு இன்னொரு தொழிலும் இருந்தது: கைகளால் கடிகாரம் செய்வது. நுண்ணிய பற்சக்கரங்களை அறுக்கவும், மயிரிழை பிசகாமல் துளையிடவும் தெரிந்த கைகள் அங்கே இருந்தன. வேலையற்றுக் கிடந்த மக்கள் ஒருபுறம், நுண்தொழில் அறிந்தவர்கள் மறுபுறம். தையல் இயந்திரத்துக்கு வேறென்ன வேண்டும்?

அந்தத் தொழிற்சாலையில் ஸ்டார்லி மேற்பார்வையாளராக இருந்தார். அவரைச் சுற்றி இளம் தொழிலாளர்கள் சிலர் திரண்டனர். வில்லியம் ஹில்மன், ஜார்ஜ் சிங்கர் ஆகியோர் அவர்களில் முக்கியமானவர்கள். (இந்தச் சிங்கருக்கும் நம் வீடுகளில் ஓடிய சிங்கர் தையல் இயந்திரத்துக்கும் தொடர்பில்லை, அது அமெரிக்கரான வேறொரு சிங்கருடையது.) இவ்விருவர் பெயரிலும் பின்னாளில் கார் நிறுவனங்கள் எழுந்தன.

1868-இல் டர்னரின் உறவினரான ரௌலி டர்னர் பாரிஸிலிருந்து ஒரு விந்தையான வண்டியைக் கொண்டுவந்தார். இரண்டு மரச் சக்கரங்கள், இடையே இரும்புச் சட்டம், முன் சக்கரத்தின் அச்சிலேயே பொருத்திய மிதிகட்டைகள். பிரெஞ்சுக்காரர்கள் அதன்மீது பித்துக்கொண்டிருந்தனர்; உள்நாட்டில் தேவைக்கேற்பச் செய்து தர ஆளில்லை. கோவென்ட்ரியில் செய்து பாரிஸுக்கு அனுப்பலாம் என்பது ரௌலியின் கணக்கு. தையல் இயந்திர நிறுவனம் 1869-இல் கோவென்ட்ரி இயந்திரவினைஞர் நிறுவனம் என்று பெயரை மாற்றிக்கொண்டு வேலையில் இறங்கியது. மறு ஆண்டே பிரான்ஸுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. பாரிஸ் முற்றுகைக்குள்ளானது. அங்கே போக வேண்டிய வண்டிகளை உள்நாட்டில் விற்றாக வேண்டிய கட்டாயம். இங்கிலாந்தின் மிதிவண்டித் தொழில் இப்படி ஏற்றுமதிச் சந்தை அடைபட்டதால் பிறந்தது.

அந்த மர வண்டியை இங்கிலாந்தில் எலும்பை உலுக்கும் வண்டி என்று அழைத்தார்கள். பெயர் பொருத்தமானது. நம் மாட்டுவண்டிச் சக்கரத்தைப் போன்றதுதான் அதன் சக்கரமும்: நடுவே குடம், அதில் செருகிய ஆரக்கால்கள், சுற்றிலும் வட்டை, அதன்மேல் காய்ச்சி இறுக்கிய இரும்புப் பட்டை. இதில் சுமை முழுவதும் எந்நேரமும் தரையை நோக்கி நிற்கும் ஆரக்காலின்மீது அமர்கிறது. அந்தக் கால் நசுங்காமல் தாங்க வேண்டும். எனவே தடிப்பாக இருக்க வேண்டும். எனவே சக்கரம் கனக்கும். பாரம் இழுக்கும் மாடுகளுக்கு அது பொருட்டன்று. மனிதனின் கால்களுக்குப் பொருட்டு.

மெல்லிய கம்பியை இரு முனைகளிலும் பிடித்து அழுத்தினால் உடனே வளைந்துவிடும். அதையே இழுத்தால் தன்னைப்போல் பல நூறு மடங்கு எடையைத் தாங்கும். சக்கரத்தின் வட்டத்திலிருந்து குடத்தை எல்லாப் பக்கமும் கம்பிகளால் இழுத்துக் கட்டிவிட்டால், எந்தக் கம்பியும் அழுத்தத்தைத் தாங்க வேண்டியதில்லை. சுமை ஏறும்போது தரைப்பக்கக் கம்பிகளின் இழுவிசை சற்றுக் குறையும், அவ்வளவுதான். அது அறவே தளர்ந்துவிடாத அளவுக்கு முன்னரே முறுக்கி வைத்திருந்தால் போதும். வீணையின் தந்தியைப் போல ஒவ்வொரு கம்பியையும் சுண்டி, ஒலியைக் கேட்டு, நிப்பிளைத் திருகும் மிதிவண்டிக் கடைக்காரர் செய்வது இந்தக் கணக்கைத்தான். கோட்டம் எடுப்பது என்று அவர் சொல்வது, நாற்பது இழுவிசைகளைச் சமன் செய்யும் வேலை.

இந்தக் கருத்தை ஸ்டார்லியே முதன்முதலில் கண்டார் என்று சொன்னால் அது வரலாற்றுக்குப் பொருந்தாது. பறக்கும் பொறி செய்ய முயன்ற ஜார்ஜ் கேய்லி 1808-லேயே இதைக் குறித்து வைத்திருக்கிறார். பாரிஸில் யூஜின் மேயர் என்பவர் ஸ்டார்லிக்கு முன்பே கம்பிச் சக்கர மிதிவண்டியைச் செய்து ஓட்டியும் இருக்கிறார். ஸ்டார்லியின் பெருமை வேறிடத்தில் இருக்கிறது. ஒரு கருத்தை, சாதாரணத் தொழிலாளி சாதாரணக் கருவிகளால் செய்து முடிக்கவும், விற்கவும், பழுது பார்க்கவும் கூடிய உறுப்பாக மாற்றியது அவர்தான். பொருளியலில் கண்டுபிடிப்பு வேறு, புத்தாக்கம் வேறு என்று பிரித்துப் பேசுவோம். ஷும்பீட்டர் நூல் எழுதி விளக்கிய அந்த வேறுபாட்டுக்கு இதைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை.

1870 ஆகஸ்ட் மாதம் ஸ்டார்லியும் ஹில்மனும் ஏரியல் என்ற வண்டிக்குக் காப்புரிமை பெற்றனர். முழுதும் உலோகத்தால் ஆனது அது. சக்கரத்தின் குடத்திலிருந்து இரு பக்கமும் நீண்ட ஒரு நெம்புகோல் வட்டத்தோடு இணைக்கப்பட்டிருந்தது. அதைத் திருகினால் குடம் வட்டத்துக்குள் சற்றே திரும்பும். எல்லாக் கம்பிகளும் ஒரே நேரத்தில் இறுகும். சக்கரத்தின் கனம் குறைந்ததால் அதைப் பெரிதாக்க முடிந்தது. மிதி நேரடியாக அச்சில் இருக்கும் வண்டியில் வேகம் என்பது சக்கரத்தின் சுற்றளவு. 36 அங்குல மரச் சக்கரம் ஒரு சுற்றுக்கு 3 மீட்டருக்கும் குறைவாகவே நகரும். 50 அங்குலக் கம்பிச் சக்கரம் ஏறத்தாழ 4 மீட்டர் நகரும். முன் சக்கரம் வளர்ந்து வளர்ந்து ஆளுயரத்தை எட்டியதும், பின் சக்கரம் சிறுத்துச் சிறுத்து ஒரு துணைக்கு நின்றதும் இதனால்தான். பழைய படங்களில் நாம் வேடிக்கையாகப் பார்க்கும் அந்த உருவத்துக்குப் பின்னால் இருப்பது கணக்கு.

ஏரியலின் விலை 8 பவுன். தேர்ந்த தொழிலாளி ஒருவரின் ஒரு மாதக் கூலியையும் தாண்டிய தொகை. எனவே வாங்கியவர்கள் வசதி படைத்த இளைஞர்கள். விளம்பரத்துக்காக ஸ்டார்லியும் ஹில்மனும் லண்டனில் விடியற்காலையில் புறப்பட்டு, ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோவென்ட்ரிக்கு அன்றிரவே வந்து சேர்ந்தார்கள் என்று ஒரு செய்தி வழங்கி வருகிறது. ஸ்டார்லிக்கு அப்போது நாற்பது வயது கடந்துவிட்டது, பருத்த உடல்வாகு. சாலைகளோ குண்டும் குழியும். காற்றடைத்த டயர் வர இன்னும் பதினேழு ஆண்டுகள் இருந்தன.

நெம்புகோல் சக்கரத்தில் ஒரு குறை இருந்தது. குடத்திலிருந்து வட்டத்துக்கு நேராகச் செல்லும் கம்பி சுமையைத் தாங்கும்; ஆனால் சுழற்சியைக் கடத்தாது. மிதிப்பவர் குடத்தைத் திருப்புகிறார். குடம் முதலில் தான் மட்டும் சற்றுத் திரும்பி, கம்பிகளைச் சாய்த்த பிறகே வட்டத்தை இழுக்க முடிகிறது. ஒவ்வொரு மிதிக்கும் இந்தச் சிறு சாய்வு. ஒவ்வொரு சாய்வுக்கும் கம்பியின் அடியில் ஒரு மடிப்பு. நாளடைவில் அந்த இடத்தில் கம்பி அறும்.

1874-இல் ஸ்டார்லி கண்ட தீர்வு அப்பட்டமான எளிமை உடையது. கம்பி எப்படியும் சாயத்தான் போகிறதென்றால், முதலிலேயே சாய்த்து வைத்துவிட்டால் என்ன? குடத்தின் விளிம்பைத் தொட்டுச் செல்லும் தொடுகோடாகக் கம்பியை அமைத்தார். பாதிக் கம்பிகள் சுழலும் திசையிலும் மறு பாதி எதிர்த் திசையிலும் சாய்ந்தன. முன்னோக்கி மிதிக்கும்போது ஒரு பாதி கூடுதலாக இறுகி வட்டத்தை இழுக்கும். எதிர்த் திசையில் விசை வந்தால் மற்ற பாதி ஏற்றுக்கொள்ளும். குறுக்கே போகும் கம்பிகள் ஒன்றையொன்று அணைத்து நிற்கும். நெம்புகோலுக்கு இனி வேலையில்லை. தனியாக ஓர் உறுப்பைச் சேர்த்துக் குறையைத் தீர்ப்பது எவருக்கும் தோன்றும். இருக்கும் உறுப்பின் கோணத்தை மாற்றி, முன்பு தேவைப்பட்ட இன்னோர் உறுப்பையும் நீக்கிவிடுவது அரிதாகவே நிகழ்வது. பொறியியலில் அழகு என்று ஒன்று உண்டானால் அது இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

உயரச் சக்கர வண்டியில் பெண்கள் ஏற இயலாது. அக்கால ஆடையும் இடம் தராது, சமூகமும் இடம் தராது. ஸ்டார்லி இதையும் தம் கவலையாக எடுத்துக்கொண்டார். ஒரே பக்கமாகக் கால்களை வைத்து அமர்ந்து மிதிக்கும் பெண்களுக்கான ஏரியல் ஒன்றை 1874-இல் செய்தார். அது எடுபடவில்லை. ஓட்டுவது கடினம்; விழுந்தால் ஆபத்து. உடனே அவர் பெண்களுக்கு இது ஒத்துவராது என்ற முடிவுக்குப் போகவில்லை. வண்டிதான் ஒத்துவரவில்லை என்று கொண்டு, விழாத வண்டியைத் தேடிப் போனார். 1876-இல் கோவென்ட்ரி லீவர் என்ற மூன்று சக்கர வண்டி வந்தது. அதைத் தொடர்ந்து சங்கிலியால் ஓடும் வகைகள் வந்தன. பாதிரியார்களும் மருத்துவர்களும் முதியவர்களும் பெண்களும் அவற்றை வாங்கினர்.

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டவும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்ததையும், கல்குவாரித் தொழிலாளர்களும் கிராமச் செவிலியர்களும் கூட்டம் கூட்டமாக ஓட்டக் கற்றதையும் நேரில் அறிந்தவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். பின்னர் அரசு மேனிலைப் பள்ளி மாணவியருக்கு விலையில்லா மிதிவண்டி வழங்கிய திட்டத்தின் பயனைப் பொருளியலாளர்கள் அளந்து பார்க்க முனைகின்றனர். ஒரு பெண் எவ்வளவு தொலைவு, எவரையும் கேட்காமல், தானே போய்வர முடிகிறது என்பது வருமானத்தைப் போலவே முக்கியமான அளவீடு. தோட்டக்காரர் ஒருவர் அதைக் கோட்பாடு ஏதுமின்றி உணர்ந்திருந்தார்.

இருவர் அருகருகே அமர்ந்து ஆளுக்கொரு சக்கரத்தை மிதிக்கும் வண்டியில் ஸ்டார்லி தம் மகன் வில்லியமுடன் ஒரு நாள் சென்றதாகச் சொல்வார்கள். இளைஞனின் மிதி வலுவானது; தந்தையின் மிதி தளர்ந்தது. வண்டி ஒரு பக்கமாகத் திரும்பிச் சாலையை விட்டே போய்விட்டது. சாலையோரம் அமர்ந்து யோசித்த தந்தைக்கு, இரு சக்கரங்களையும் ஒரே அச்சால் கட்டாமலும் தனித்தனியே விட்டுவிடாமலும் இடையே பற்சக்கரங்களை வைத்து விசையைப் பங்கிடும் வழி தோன்றியதாம். கதையின் நுணுக்கங்கள் எப்படியிருந்தாலும், 1877-இல் அந்த அமைப்புக்கு அவர் காப்புரிமை பெற்றது உண்மை. பிரான்ஸில் பெக்கர் என்பவர் அரை நூற்றாண்டுக்கு முன்பே நீராவி வண்டிக்கு இதை வகுத்திருந்தார். ஆனால், மக்கள் வாங்கி ஓட்டும் வண்டிக்குள் அதைக் கொண்டுவந்தவர் ஸ்டார்லி. டிஃபரன்ஷியல் என்று லாரிப் பட்டறைகளில் சொல்கிறோமே, அதுதான் இது. பின் அச்சின் நடுவே இரும்புக் குடம்போல் உருண்டு நிற்பது.

அதன் பயனைக் காண நாமக்கல் மாவட்டத்தைவிட ஏற்ற இடம் இல்லை. சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி அடிவாரத்தை அடைந்து கொல்லிமலைக்கு ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றையும் அரைவட்டம் என்று கொள்வோம். பேருந்தின் பின் சக்கரங்களுக்கு இடையே ஏறத்தாழ 2 மீட்டர் இடைவெளி. அப்படியானால் ஒவ்வொரு வளைவிலும் வெளிப்புறச் சக்கரம் உட்புறச் சக்கரத்தைவிட 6 மீட்டருக்குச் சற்று அதிகமாக ஓடியாக வேண்டும். எழுபது வளைவுகளையும் கூட்டினால் 400 மீட்டரைத் தாண்டும். இரண்டு சக்கரங்களும் ஒரே அச்சில் இறுகக் கட்டப்பட்டிருந்தால் அந்தத் தொலைவு முழுவதும் டயர் தேய்ந்து இழுபட்டாக வேண்டும். அச்சு முறியவும் கூடும். செம்மேட்டுக்குக் காலையில் போய் மாலையில் திரும்பும் ஒவ்வொரு பேருந்தும், அன்னாசியும் வாழைத்தாரும் ஏற்றி இறங்கும் ஒவ்வொரு லாரியும் அந்த மூன்று சக்கர வண்டியில் பழகிய பற்சக்கரங்களைக் கொண்டே வளைகின்றன.

நாமக்கல்லில் லாரிக் கூடு கட்டும் தொழிலும் திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் தொழிலும் ஏன் குவிந்தன என்று கேட்பவர்களுக்கு, ஆல்ஃபிரட் மார்ஷல் 1890-இல் எழுதிய பொருளியல் நூலில் விளக்கம் இருக்கிறது. ஒரு தொழில் ஓரிடத்தில் தங்கிவிட்டால் அதன் நுட்பம் ஊருக்கே பொதுச் சொத்தாகிவிடும். சிறுவர்கள் அறியாமலே கற்றுக்கொள்வார்கள் என்பது அவருடைய கருத்தின் சாரம். கோவென்ட்ரி அப்படித்தான் ஆயிற்று. ஸ்டார்லியின் கீழ் பயின்றவர்கள் வெளியேறித் தனித்தனியே தொழில் தொடங்கினார்கள். அவர்களிடம் பயின்றவர்களும் அப்படியே. ஒருவர் மற்றவரின் குறையைத் திருத்தினார்.

ஆனால், இதைக் கொண்டு கட்டற்ற வணிகம் இறுதியில் எல்லோருக்கும் நன்மையே செய்யும் என்று பாடம் புகட்டுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 1860-இல் வீதிக்கு வந்த நெசவாளருக்கு 1870-களின் பிற்பகுதியில் விரிந்த மிதிவண்டித் தொழில் சோறு போடவில்லை. அவர் அதற்குள் கடல் கடந்திருந்தார், அல்லது இறந்திருந்தார். வேலை கிடைத்தது அவருடைய பிள்ளைகளுக்கு, அதுவும் ஊரைவிட்டுப் போகாதவர்களின் பிள்ளைகளுக்கு. சராசரிகளில் இந்த இடைவெளி மறைந்துபோகிறது. நகரம் மீண்டதற்கும் உடன்பாடு காரணமன்று. தறியின் அழிவில் தப்பிய இன்னொரு கைத்தொழிலும், தற்செயலாக வந்து சேர்ந்த ஒரு தோட்டக்காரரும்தான். தற்செயலை நம்பிக் கொள்கை வகுக்க முடியாது என்பதை விசைத்தறி ஊர்களின் எதிர்காலம் பற்றிப் பேசும் குழுக்கள் நினைவில் கொள்வது நல்லது.

ஸ்டார்லியின் வாழ்வில் புகழ் மிகத் தாமதமாக வந்தது. வைட் தீவில் தம் கோச்சு வண்டியில் சென்றுகொண்டிருந்த விக்டோரியா அரசியார், ஓர் இளம்பெண் சால்வோ என்ற ஸ்டார்லியின் வண்டியில் தம்மை விஞ்சிப் போவதைக் கண்டு வியந்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. 1881-இல் அரசியார் அத்தகைய வண்டிகள் இரண்டை வாங்கினார். வண்டியின் பெயர் ராயல் சால்வோ ஆனது. அவற்றை ஒப்படைக்க ஆஸ்போர்ன் மாளிகைக்கு ஸ்டார்லி நேரில் அழைக்கப்பட்டார். அரசியார் அவருக்கு ஒரு கடிகாரத்தைப் பரிசளித்தார் என்பார்கள். அண்டை வீட்டுக் கடிகாரங்களைப் பழுது பார்த்துத் தொடங்கியவருக்கு அது பொருத்தமான பரிசு. அரசியார் வண்டியை ஓட்டினாரா என்பது இங்கு முக்கியமில்லை. அரண்மனை வாங்கியது என்ற செய்தியே போதும். மதிப்புக்குரிய குடும்பத்துப் பெண்கள் மிதிவண்டி ஓட்டுவதற்கு அதன்பின் எவரும் அவ்வளவு எளிதில் தடை சொல்ல முடியவில்லை.

அதே ஆண்டு ஜூன் 17-ஆம் தேதி ஸ்டார்லி காலமானார். வயது 51. மூன்று ஆண்டுகள் கழித்து நகர மக்கள் அவருக்கு ஒரு நினைவுத் தூண் எழுப்பினர். அரசரோ படைத்தலைவரோ அல்லாத ஒரு தொழிலாளிக்கு அக்காலத்தில் அது எளிதில் கிடைக்கும் சிறப்பன்று.

அவரோடு தங்கி வேலை கற்ற, அவருடைய உடன்பிறந்தாரின் மகன் ஜான் கெம்ப் ஸ்டார்லி 1885-இல் ரோவர் என்ற வண்டியை வெளியிட்டார். இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவுள்ள சக்கரங்கள், நடுவில் மிதி, அங்கிருந்து பின் சக்கரத்துக்குச் சங்கிலி. இன்று நாம் மிதிவண்டி என்று சொல்லும் உருவம் அத்தோடு நிலைபெற்றது. ரோவர் என்ற பெயர் பின்னர் காருக்குப் போனது. ஜேம்ஸ் ஸ்டார்லியின் உயரச் சக்கரம் மறைந்தது. மூன்று சக்கர வண்டியும் ஒதுங்கியது. அவருடைய சாய்ந்த கம்பியை மட்டும் ரோவரால் கைவிட முடியவில்லை. பின் சக்கரத்தைச் சங்கிலி இழுக்கும்போது குடத்தில் விழும் முறுக்கு அந்தக் கம்பிகளின் வழியாகத்தான் வட்டத்துக்குப் போயாக வேண்டும்.

இந்தியா விடுதலை பெற்ற பிறகு, 1949-இல், முருகப்பா குடும்பத்தார் பர்மிங்ஹாமின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொழிற்சாலையைத் தொடங்கினர். ஹெர்குலிஸ், பின்னர் பி.எஸ்.ஏ. என்று நம் தந்தையரின் தலைமுறை மிதித்த வண்டிகள் அங்கிருந்து வந்தன. இரும்புக் குழாய், சங்கிலி, விளக்கு, இருக்கை ஆகியவற்றுக்கும் அதே குழுமத்தில் தனித்தனி நிறுவனங்கள் எழுந்தன. இறக்குமதிக் கட்டுப்பாடு என்ற வேலி இவற்றை வளர்த்தது. கோவென்ட்ரியின் நாடாத் தறிகளை வளர்த்ததும் ஒரு வேலிதான் என்பதை இங்கே சொல்லிவைக்கலாம். அந்த வேலி நம் நாட்டில் படிப்படியாகத் தளர்ந்தபோது தாக்குப்பிடித்தவை, இடைப்பட்ட ஆண்டுகளில் தொழில் கற்றுக்கொண்ட நிறுவனங்கள்.

இங்கிலாந்து ரோட்ஸ்டர் வண்டிகளில் முன் சக்கரத்துக்கு 32 கம்பிகள், பின் சக்கரத்துக்கு 40. ஏறுபவரின் எடை பெரும்பகுதி பின்னால் விழுவதாலும் மிதியின் விசை அங்கேயே சேர்வதாலும் எட்டு கம்பிகள் அதிகம். பின் இருக்கையில் நெல் மூட்டையோ மனைவி மக்களோ ஏறும் நம் வண்டிகளுக்கும் அதே கணக்கே தொடர்ந்தது. காளப்பநாயக்கன்பட்டியிலோ வேறெந்த ஊரிலோ மரத்தடியில் வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, அறுந்த கம்பியை மாற்றும் கடைக்காரர் புதிய கம்பியைக் குடத்தின் துளையில் நுழைத்து, மற்ற கம்பிகளுக்குள் மேலும் கீழுமாகக் கொடுத்துச் சாய்த்தே பொருத்துகிறார். நேராகப் பொருத்தினால் நீளமும் பொருந்தாது.